உள்மடிப்பில் இருந்த பெயர்

பொத்தேரி
3-7-2025

அன்பும் மரியாதையும் உள்ள தனசிங் மாமாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். நீங்களும் சாராள் அத்தையும் சுகமென்று நம்புகிறேன். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

தாம்பரத்துக்கும் பொத்தேரிக்கும் நடுவே ரயிலில் அரை மணி நேரம்தான். இவள் ஏன் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். இனிமேல் நமக்குள் போன் வேண்டாம் மாமா. வாட்ஸ்அப், மெயில் எதுவும் வேண்டாம். என்னைப் போன்ற ஹாஸ்டல் வார்டன்கள் கேட்டைத் தாண்டவும் இப்போது அனுமதி இல்லை. தபால் ஒன்றுதான் மிச்சம்.

போன மாதம் உங்கள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நாம் டைப் செய்த புகார் நினைவிருக்கிறதல்லவா? ஹாஸ்டலின் தரைக்கடிக் குடிதண்ணீர் சம்ப்பில் பக்கத்துக் கழிவுத்தொட்டி கசிகிறது, பதினொரு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை, நிர்வாகம் வெளியே சொல்லாமல் மறைக்கிறது என்று பெயர் போடாமல் எழுதினோம். நான் எடுத்த மூன்று படங்களையும் சேர்த்துப் புது மெயிலிலிருந்து சுகாதாரத் துறைக்கு அனுப்பினேன். எழுதியது யாரென்று கண்டுபிடிக்க வழியே இல்லை என்று நம்பியிருந்தேன்.

நேற்று தாளாளர் கூப்பிட்டனுப்பினார். புகார் போன அலுவலகம், விளக்கம் கேட்டு அந்த ஃபைலை அப்படியே கல்லூரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறது.

"நல்ல தமிழ்மா. நீயே எழுதினியா, யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?" என்று சிரித்தபடி கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"உனக்குத் தெரியலன்னா பரவாயில்ல. எங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். போகச் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், நீங்கள், ஓவியா. ஓவியா என் உதவி வார்டன். அன்று காலை நான் படம் எடுக்க, சம்ப்பின் இரும்பு மூடியைத் தூக்கிப் பிடித்தவள் அவள்தான். இரண்டு வருடமாக ஒரே அறையில் இருக்கிறோம். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். அவளைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. ஆனால் வேறு யார்?

யோசித்து எழுதுங்கள்.

கலக்கத்துடன்,
கெசியா


கிழக்குத் தாம்பரம்
8-7-2025

என் கண்ணான கெசியாவுக்கு,

மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே யாவரும் சௌக்கியம். உன் அத்தையின் முழங்கால் வலி நான் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயில் பறந்தே போயிற்று. அவளைக் கேட்டால் டாக்டர் மாத்திரை என்பாள். நம்பாதே.

உன் கடிதத்தைக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படித்தேன். ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு காலத்தில் விமானப்படைக்காரர்களே ரகசியக் காகிதம் டைப் செய்ய என்னிடம்தான் வருவார்கள். விஷயம் எனக்கே தெரியக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்து கொடுப்பேன். ஒரு எழுத்துப் பிழை இருக்காது. ஒன்பதாவதோடு நின்றவன்தான், ஆனால் தாம்பரத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததே என் தோளில் ஏறித்தான். ஆகவே என் பக்கமிருந்து ஒரு ஈ கூடப் பறந்திருக்காது. அதை முதலில் தள்ளிவிடு.

பாக்கி யார்? உனக்கே தெரிகிறது, வாய்தான் வரவில்லை.

பிப்ரவரியில் உங்கள் ஹாஸ்டல் டேவுக்கு நான் வந்தேனே, கெசியாவின் தாய்மாமன் என்று சொல்லித் தாளாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் விசிட்டிங் கார்டு கொடுத்தேனே, அன்றே கவனித்துவிட்டேன். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு கண்ணைப் பாயசத்திலும் ஒரு கண்ணை என் மேலும் வைத்திருந்தாள். நானும் தாளாளரும் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாள். அவள்தான் உன் ஓவியா. அதே சாயங்காலம் தாளாளர் அறைப் பக்கம் அவள் இரண்டு தடவை போய் வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். மூன்று என்றே வைத்துக்கொள்.

பயப்படாதே. நேருக்கு நேர் கேட்டுவிடு. மடியில் கனமில்லாதவள் நேரே பார்த்துப் பதில் சொல்வாள். கனமுள்ளவள் எதிர்க்கேள்வி கேட்பாள். இது என் நாற்பது வருஷ அனுபவம்.

கொதிக்க வைத்த தண்ணீரையே குடி.

உனக்கு அரணாக நிற்கும்
மாமா தனசிங்


பொத்தேரி
19-7-2025

மாமாவுக்கு,

தோத்திரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஓவியாவைக் கேட்டுவிட்டேன். தனியாகக் கேட்டிருக்கலாம். மெஸ்ஸில், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது கேட்டேன்.

"தாளாளர் ரூமுக்கு எத்தனை தடவ போன?"

"இன்னாக்கா? எந்த ரூமு?"

"உப்புப் போட்டுத்தான சாப்பிடற?"

கையிலிருந்த கரண்டியைக் குழம்புக்குள் அப்படியே விட்டுவிட்டாள். "அக்கா, நான் போயி சொல்லியிருந்தா மூடியத் தூக்கினவ பேரையும் சேத்துல்ல சொல்லியிருக்கணும்? என்னிய நானே மாட்டி வுட்டுக்குவனா?"

எதிர்க்கேள்வி. நீங்கள் எழுதியது போலவே. வேறு ஒரு நாளாக இருந்தால் அது நியாயமான கேள்வியென்று எனக்குப் பட்டிருக்கும். அன்று, நன்றாகத் தயாரித்து வைத்திருக்கிறாள் என்றுதான் பட்டது. மூன்று தடவை பார்த்ததாக எழுதியிருந்தீர்களே மாமா. அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் ஸ்டோர் ரூம் பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். பிள்ளைகள் அவளுக்கு 'சிசிடிவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வராந்தாவில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "சிரிங்கடி, ரெக்கார்டு ஆவுது" என்கிறார்கள். நான் தடுக்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. தண்ணீரைச் சோதித்துச் சம்ப்பை மூடிவிட்டார்கள். தினமும் கேன் தண்ணீர் வருகிறது. பிள்ளைகள் எல்லாரும் தேறிவிட்டார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் போகும் இடமெல்லாம் யாரோ பார்ப்பது போலவே இருக்கிறது.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். இருந்தும் மனது ஆறவில்லை.

கெசியா


கிழக்குத் தாம்பரம்
16-8-2025

என் செல்ல மருமகளுக்கு,

மாமா நலம், அத்தை நலம். உன் நலத்தை நினைக்காத நாள் இல்லை. உடனே பதில் போடாததற்குக் காரணம், கடையில் கூட்டம். கேம்ப் ரோடு ஜங்ஷனே என் வாசலில்தான் வந்து நிற்கிறது.

நாலு நாளைக்கு முன்னால் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, பெயர் சொல்லக் கூடாது, என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு சந்தேகம் கேட்டார். நான் டீ ஆறுவதற்குள் விளக்கி அனுப்பினேன். அதை உனக்கும் எழுதி வைக்கிறேன். உபயோகப்படும்.

சலவைக்குப் போடும் சட்டையின் உள்மடிப்பில் ஒரு குறி இருக்குமே, பார்த்திருக்கிறாயா? போட்டுக்கொண்டு போகிறவன் அதை நினைப்பதில்லை. எதிரே வருகிறவன் கண்ணுக்கும் தெரியாது. சலவைக்காரர் மட்டும் மடிப்பைப் புரட்டி, "இது மூணாவது வூட்டு சட்டை" என்று சொல்லிவிடுவார். ஃபைலும் அப்படித்தான். போனில் எடுக்கும் படத்தில் எடுத்த தேதி, மணி, நிமிஷம், எந்தக் கம்பெனி போன், என்ன மாடல் எல்லாம் உள்ளே குறியாக நிற்கும். லொக்கேஷன் திறந்திருந்தால் நின்ற இடமே நிற்கும். டைப் செய்த ஃபைலிலும் ஏதேதோ இருக்கும், அதை விடு.

குறியை எடுப்பது சுலபம். கம்ப்யூட்டரில் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டி பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் போ. அடியில் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் குறி இல்லாத நகல் கிடைக்கும். போன் கேமராவில் லொக்கேஷனை அணைத்து வை. வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால் குறி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட் என்று அனுப்பினாலோ மெயிலில் இணைத்தாலோ அத்தனையும் கூடவே போகும். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அனுப்பிய பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

அது இருக்கட்டும். ஓவியா எப்படி இருக்கிறாள்? அன்று பாயசம் ஊற்றிய பெண் கொஞ்சம் உயரம். ஓவியா உயரமா, குள்ளமா? ஒருவேளை அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. எதற்கும் அவளைப் பழையபடி உன் அறைக்கே கூப்பிட்டுக்கொள். மெஸ்ஸில் நாலு பேர் பார்க்க ஒரு வார்த்தை நல்லதாகப் பேசு.

ஏன் என்று கேட்காதே. மாமா சொன்னால் காரணம் இருக்கும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
தனசிங் மாமா


கிழக்குத் தாம்பரம்
18-9-2025

கெசியாவுக்கு,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலா? வேலையில் தொந்தரவா? என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று போஸ்ட்மேனைப் பிடித்து விசாரித்தேன். "சார், உங்களுக்கு வராத லெட்டர நான் எங்கேர்ந்து கொண்டாறது?" என்கிறார். அவர் பேச்சிலும் ஏதோ இருக்கிறது.

இங்கே நல்ல மழை. ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். கடைக்கு வரும் கூட்டம் குறைந்ததற்கு அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

என் முந்தைய கடிதத்தில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கேள். இல்லாவிட்டால் கேட்க வேண்டாம். ஓவியாவை நான் விசாரித்ததாகச் சொல். சொன்னாயா என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதச் சொல்லி அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு தொந்தரவு செய்கிறாள். எழுதிவிட்டேன்.

மாமா


பொத்தேரி
3-10-2025

மாமாவுக்கு,

தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஓவியா வேலையை விட்டுவிட்டாள். போன சனிக்கிழமை போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் யாரோ அவள் கதவில் பேனாவால் ஒரு கேமரா படம் வரைந்து வைத்திருந்தார்கள். அதைத் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

போன் நம்பரை மாற்றிவிட்டாள். மெஸ்ஸில் சமைக்கும் முனியம்மாவிடம் மட்டும், "என்னியத் தேடிகினு யாரும் வர வேணாம், வந்தா சொல்லிடு" என்று சொன்னாளாம்.

அவள் கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை மெயிலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து, மெயிலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதை இங்கே ஆபீஸில் பிரின்ட் எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது. அதை ஏற்றிய மெமரி கார்டை உறையில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புங்கள்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. இப்போது எழுத முடியவில்லை.

கெசியா


கிழக்குத் தாம்பரம்
9-10-2025

கெசியா,

பிரின்ட் இத்துடன். எல்லாரும் நலம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

டெல்லியிலிருந்து அதிகாரி யாரும் வரவில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வந்தவள் மாளவிகா என்கிற பெண். இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவள் ப்ராஜெக்டை என் கடையில்தான் டைப் செய்து பீடிஎஃப் ஆக்கிக் கொண்டு போனாள்.

"அங்கிள், என் ப்ராஜெக்ட எழுதினது நீங்களாமே?"

"நானாம்மா? நான் ஒம்பதாவது."

"அதான் எங்க சார் கேக்கறார். கணினிச் செம்மல் தனசிங்னு ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காரே, வைவாவுக்கும் அவரையே வரச் சொல்லுங்கறார்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கம்ப்யூட்டரிலேயே ஃபைலைத் திறந்து உள்விவரத்தைக் காட்டினாள். ஆசிரியர் என்ற இடத்தில், கணினிச் செம்மல் ம. தனசிங், கிழக்குத் தாம்பரம்.

"இதுக்குப் பேரு மெட்டாடேட்டா அங்கிள். வேர்டு போடும்போது உங்க பேரு கேட்டிருக்கும். நீங்க இன்னா குடுத்தீங்களோ அதுவே எல்லா ஃபைல்லயும் ஒட்டிக்கும். பீடிஎஃப் ஆக்கினாலும் போவாது."

அந்தப் பட்டத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை கெசியா. நானே போட்டுக்கொண்டது. கம்ப்யூட்டர் பெயர் கேட்டதும் வெறும் தனசிங் என்று கொடுக்கக் கை வரவில்லை.

அவள் போன பிறகு ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை, பட்டா மனு, சபையின் ஜெப விண்ணப்பம், யாரோ ஒரு பையன் யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதம், எல்லாவற்றையும் எழுதியவன் நான். உன் புகாரையும் திறந்தேன். அதே பெயர், அதே பட்டம். தாளாளர் கையில் நான் கொடுத்த கார்டில் அச்சடித்திருப்பதும் அதுதான். கெசியாவின் தாய்மாமன் என்று சொல்லித்தானே கொடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பாயசம் ஊற்றிய பெண் யாரும் கிடையாது. அன்று பாயசத்தை நானேதான் ஊற்றிக்கொண்டேன், இரண்டு தடவை. தாளாளர் அறை எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. ஓவியாவை நான் பார்த்த ஞாபகமே இல்லை. எழுத உட்கார்ந்தால் கை அப்படிப் போய்விடுகிறது.

ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண் போயிருக்க மாட்டாள். சொல்லவில்லை.

மாமா


பொத்தேரி
15-10-2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் எழுதிய பாடத்தைப் படித்த அன்றே, நான் புகாரோடு இணைத்த மூன்று படங்களையும் திறந்து பார்த்தேன். ஜூன் பதினொன்று, காலை ஐந்து நாற்பத்திரண்டு. என் போனின் மாடல். எங்கள் சம்ப் இருக்கும் இடம் வரைபடத்தில் ஊசி குத்தியது போல. அந்த நேரத்தில் டியூட்டி ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து. வேறு யாரும் சொல்லவே வேண்டியதில்லை மாமா. என்னை நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நானும் வாயைத் திறக்கவில்லை. ஓவியா அந்த ஸ்டோர் ரூம் பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஒன்றரை மாதம் தினமும் அவள் கதவைத் தாண்டித்தான் போனேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மெஸ்ஸில் கேட்ட மாதிரி மெஸ்ஸிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

தாளாளர் உங்கள் பெயரை வைத்துக் கண்டுபிடித்தாரா, என் படத்தை வைத்தா, தெரியாது. இரண்டில் ஒன்றே போதும். ஓவியாவிடம் எந்தத் தப்பும் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "அப்போ அந்த அக்காகிட்ட யாரு மிஸ் சொல்றது?" என்று கேட்டாள்.

தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதையாவது மதிப்போம், மெயிலில்கூடத் தொந்தரவு செய்ய வேண்டாம். முனியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் எப்போதாவது கூப்பிட்டால், நான் தப்பு செய்துவிட்டதாகச் சொல்லச் சொல்லி. அதுவரை காத்திருப்போம் மாமா.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கெசியா


கிழக்குத் தாம்பரம்
22-10-2025

மகள் ஓவியாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். என் பெயர் தனசிங். வயது அறுபத்து மூன்று. வேளச்சேரி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கெசியாவின் தாய்மாமன். பட்டம் எதுவும் கிடையாது. இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்கப் போவதில்லை.

நீ யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. புகார் ஃபைலின் உள்விவரத்தில் என் பெயர் இருந்தது. கெசியா எடுத்த படங்களுக்குள் அவளுடைய நேரமும் இடமும் இருந்தன. எங்கள் இரண்டு பேர் கவனக்குறைவுதான் அது. நீ தாளாளர் அறைக்குப் போனதைப் பார்த்தேன் என்று நான் எழுதியது முழுப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் கெசியா உன்னை நாலு பேர் நடுவில் கேட்டாள். உண்மை தெரிந்த பிறகும் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தேன். அவளும் இருந்தாள்.

ஹாஸ்டல் பிள்ளைகள் இன்று நல்ல தண்ணீர் குடிப்பது நீ அந்த மூடியைத் தூக்கியதால்தான். அதற்கு நீ வாங்கியது கெட்ட பெயர். கெசியா இப்போது பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உனக்கு வேலைக்கு எங்காவது சான்று கடிதம் வேண்டுமென்றால் அவள் கையெழுத்துப் போட்டுத் தருவாள்.

மன்னித்துவிடு அம்மா. பதில் எழுத வேண்டும் என்றில்லை.

உண்மையுடன்,
ம. தனசிங்


கிழக்குத் தாம்பரம்
24-10-2025

என் ராஜாத்தி கெசியாவுக்கு,

இங்கே எல்லாரும் பரம சௌக்கியம். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அத்தையே ஆச்சரியப்பட்டாள்.

காத்திருப்போம் என்று எழுதியிருந்தாய். மன்னிப்புக் கேட்கும் விஷயத்தில் காத்திருக்கலாமா? ஓவியாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன்! பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக, ஒரு பொடி கூடச் சேர்க்காமல் எழுதினேன். அத்தையைச் சாட்சி வைத்துக்கொண்டு எழுதினேன். அவள் இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்தேன்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்றுதானே கேட்கிறாய்? மாமாவைச் சாதாரணமாக நினைத்துவிட்டாயே! நீ அனுப்பிய மெமரி கார்டில் அவள் கையெழுத்துப் போட்டு எடுத்த படம் இருந்ததல்லவா? மெயிலில் வந்த படம், ஒன்றும் உதிராமல் அப்படியே இருந்தது. உள்மடிப்பைப் புரட்டினேன். இடம் வந்து நின்றது. நாவலூர். பழைய மகாபலிபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய அபார்ட்மென்ட்.

ஆனால் படம் கட்டடத்தைத்தான் காட்டும், வீட்டு நம்பரைக் காட்டாது. சும்மா விடுவேனா? தீபாவளி மறுநாள் இரண்டு பஸ் மாறி நானே போனேன். செக்யூரிட்டி சாம்பசிவன் என்று ஒருவர், லேசில் வாயைத் திறக்கவில்லை.

"யாரு சார் நீங்க? எந்த ஃபிளாட்டு?"

"ஓவியாவோட பெரியப்பா. ஊர்லேர்ந்து வரேன். பலகாரம் கொண்டாந்திருக்கேன்."

"குழந்தைங்களப் பாத்துக்கற அந்தப் பொண்ணா? போன மாசம்தான வந்துச்சு."

அவ்வளவுதான். ரிஜிஸ்டரைப் புரட்டி பிளாக், மாடி, கதவு நம்பர் எல்லாம் சொல்லிவிட்டார். நான் உள்ளே போகவில்லை, அதையும் கவனி. அந்தப் பெண் சங்கடப்படுமே என்று நாகரிகமாகத் திரும்பி வந்து தபாலில் போட்டேன். பலகாரத்தைச் செக்யூரிட்டியிடம் கொடுத்தேன்.

இனி பாரம் இறங்கிற்று. பதில் வந்ததும் முதலில் உனக்குத்தான் அனுப்புவேன்.

நெஞ்சு லேசான
மாமா தனசிங்


தனசிங் சாருக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தடவை படித்தபோது அழுதேன். என் மேல் தப்பில்லை என்று ஒருவராவது தாளில் எழுதியிருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. கெசியா அக்கா பிள்ளைகளிடம் சொன்னதும் சந்தோஷம். அக்காவிடம் எனக்கு இப்போது கோபம் இல்லை. சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். பிளாக், மாடி, கதவு நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. நான் அந்த விலாசத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. என் அம்மாவுக்கே தெரியாது. ஏன் சொல்லவில்லை என்பது என் விஷயம்.

கீழே போய்ச் செக்யூரிட்டியைக் கேட்டேன். "உங்க பெரியப்பா வந்துட்டுப் போனாரேம்மா, முறுக்கு குடுத்தாரு" என்றார். எனக்குப் பெரியப்பா யாரும் இல்லை சார்.

அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். நல்ல வீடு. அந்தக் குழந்தைகளும் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் அங்கே அதற்குப் பிறகு கதவு மணி அடித்தாலே குழந்தைகளை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ் போட ஆரம்பித்தேன். இந்தக் கடிதத்தை நான் இருக்கும் ஊரில் தபாலில் போடவில்லை. சான்று கடிதம் வேண்டாம்.

உங்களை மன்னித்துவிட்டேன். அது நிஜம். எதையும் மறைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் இருக்கும் இடம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

ஓவியா